பேதி கண்டவருக்கு உப்பும் சர்க்கரையும் ஏன்?

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் போக்கு அதிகமாகும் என்று சொல்லி, அது நாவறண்டு தவிக்கும்போதும் நீரை மறுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. கடும் பேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. ஆகவே நோயாளியைப் பேணுவோரின் முதல் வேலை, இழந்த நீரை ஈடு செய்வதாகும். அதற்கு வெறும் நீர் ஏன் போதாது?

நாம் அருந்தும் நீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 8 முதல் 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்கு வருகிறது. மலத்தோடு வெளியேறுவதோ 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். மீதி முழுவதும் குடற்சுவர் வழியே இரத்தத்திற்குத் திரும்பி விடுகிறது. மருத்துவம் என் துறையன்று. ஆயினும் இங்கு நடப்பது இயற்பியல் வகுப்பில் நாம் படிக்கும் சவ்வூடு பரவலே. உலர்ந்த திராட்சையை நீரிலிட்டால் உப்புகிறதல்லவா? கரைபொருள் செறிந்த பக்கத்தை நோக்கியே நீர் நகரும். குடற்சுவர் உப்பை உள்ளிழுத்தால் நீரும் பின்தொடரும்.

காலராக் கிருமியின் நஞ்சு இதைத் தலைகீழாக்குகிறது. குடற்செல்கள் உப்பைக் குடலுக்குள் வெளியேற்ற, நீரும் அதன் பின்னே பாய்கிறது. ஆனால் ஒரு வாயில் மட்டும் பழுதாவதில்லை. சோடியமும் குளுக்கோசும் இணைந்தே நுழையும் வாயில் அது. இந்த இணைப்பை 1960-இல் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். உப்போடு சர்க்கரை சேர வேண்டிய காரணம் இதுவே.

1971-இல் வங்கதேசப் போரினால் இடம்பெயர்ந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பன்காவில், நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்து வந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோசு, சோடா உப்பு மூன்றையும் நிறுத்துப் பொட்டலமாக்கிப் பீப்பாய் நீரில் கரைக்கச் செய்தார். நோயாளியின் உறவினரே குவளையில் மொண்டு புகட்டினர். முகாமில் 100-க்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. செவிலியர் செய்தது போன்ற வேலையைத் தாய்மாரே செய்தனர் என்பதுதான் எனக்கு வியப்பூட்டுவது.

அளவு முக்கியம். சர்க்கரை மிகுந்தால் குடலுள் செறிவு கூடி, நீர் எதிர்த்திசையில் இழுக்கப்படும். குளிர்பானங்கள் ஆகாதது இதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் கரைசலின் செறிவைக் குறைத்தது: லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் உப்பு, இவற்றுடன் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். 24 மணி நேரத்திற்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடரலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. மருத்துவர் துத்தநாக மாத்திரையும் தருவார். கரைசல் பேதியை உடனே நிறுத்தாது; அதனால் பயனில்லை என்று கைவிடுவோர் பலர். நிறுத்துவது அதன் வேலையன்று, ஈடு செய்வதே. கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத் திரும்பினாலோ, குழந்தை குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லலாம், குழந்தை விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால்.