எடுத்துக் கொடுக்க ஓர் ஆள்

மேடை ஏறும் முன் - 6

கடைசிக் காட்சியின் வசனமும் எழுதி முடிந்தது என்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். இனி அதைப் பேச ஆள் வேண்டும்.

சென்னை சபா நாடகத்துக்கு ஆள் எடுப்பதில் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகும்: ஞாயிறு காலை பத்து மணி, மொட்டை மாடி, ஆர்வமுள்ள நண்பர்களையும் கூட்டி வரலாம். வங்கி அதிகாரி, ஐ.டி. கம்பெனிக்காரர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சீரியலில் அண்ணியாக வருபவர், கல்லூரிக் கடைசி வருஷப் பையன் என்று ஒரு கலவையான கூட்டம் வந்து சேரும். நாடகத்தில் வரும் காசு ஆட்டோவுக்கும் காபிக்கும் சரியாக இருக்கும். ஆகையால் நடிப்பைப் பற்றிய கேள்வி இரண்டாவதுதான். முதல் கேள்வி, "மார்ச் மாசம் ராத்திரி ஏழரைக்கு ஒத்திகைக்கு வர முடியுமா?"

கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவுக்குப் புது நாடகம் தயாராக வேண்டுமென்றால் மார்ச்சில் ஒத்திகை சூடுபிடித்தாக வேண்டும். வங்கிக்காரர்களுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்காரர்களுக்கும் கழுத்தை நெரிக்கும் மாதமும் அதுவே. அமெச்சூர் நாடகக் குழுக்கள் நல்ல நடிகர்களை சினிமாவிடம் இழந்ததைவிட பாலன்ஸ் ஷீட்டிடம் இழந்தது அதிகம் என்பது என் கணக்கு.

நகைச்சுவை நாடகம் என்று தெரிந்து வருபவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒன்றைத் தயார் செய்துகொண்டு வருவார்கள். வடிவேலு மாதிரி ஒருவர், கவுண்டமணி மாதிரி இருவர். கூடியிருக்கும் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் மதிப்பெண் போட மாட்டேன். அவருக்குக் காது நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் மிமிக்ரி எனக்கு எதுவும் சொல்வதில்லை. படத்தில் எந்த முகத்தை எவ்வளவு நேரம் காட்டுவது, எங்கே வெட்டுவது என்பதை எடிட்டர் முடிவு செய்து வைத்திருக்கிறார். அந்த முடிவையும் சேர்த்துத்தான் இவர் மனப்பாடம் செய்திருக்கிறார். மேடையில் வெட்டித் தர யாரும் இல்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடியைச் செய்து காட்டுகிறவர்கள் எல்லோரும் கவுண்டமணியாகவே வருகிறார்கள். செந்தில் அங்கே குரலை உயர்த்துவதே இல்லை. தன் கணக்கில் தப்பே கிடையாது என்ற முழு நம்பிக்கையோடு நிற்கிறார். அந்த நம்பிக்கை ஒரு துளி குறைந்தாலும் கவுண்டமணியின் கோபத்துக்கு வேலை இல்லை. செந்திலாக வந்து நிற்கும் ஒருவரை மொட்டை மாடியில் பார்த்தால் அன்றைக்கே அவருக்கு வேஷம் கொடுத்துவிடுவேன்.

மிமிக்ரி முடிந்ததும் இரண்டிரண்டு பேராக நிறுத்தி ஒரு பக்க வசனத்தைக் கையில் கொடுப்பேன். தனியாக யாரையும் படிக்கச் சொல்வதில்லை. இந்த முறை கொடுத்தது, வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் பேசும் காட்சி.

"சார், வாடகை?"

"குடுத்துட்டேனே!"

"யார்கிட்ட?"

"உங்க மாமியார்கிட்ட."

"அவங்க போய்ச் சேர்ந்து ஆறு மாசமாச்சேய்யா!"

"அதான் ரசீது வரலையா?"

சிரிப்பு விழுவது கடைசி வரியில். அதனால் எல்லோருக்கும் குடித்தனக்காரர் வேஷத்தின் மேல்தான் கண். ஆனால் அந்தச் சிரிப்பைச் சம்பாதித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் ஐந்தாவது வரி. மாமியார் இறந்ததை அவர் உண்மையான பதற்றத்தோடு சொல்ல வேண்டும். அடுத்து வரப்போகும் ஜோக் தனக்குத் தெரியும் என்பது உதட்டோரத்தில் எட்டிப் பார்த்தால் போயிற்று. சபையும் முந்திக்கொண்டு ஊகித்துவிடும், கடைசி வரி நமுத்துப் போகும்.

ஒருமுறை படித்ததும் வேஷத்தை மாற்றிப் படிக்கச் சொல்வேன். வேடிக்கை அப்போதுதான் தொடங்கும். குடித்தனக்காரராக அமர்க்களம் செய்தவர் வீட்டுக்காரராக மாறியதும் காகிதத்தில் தன் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருப்பார். எதிராளி பேசுவது காதில் விழாது. அபூர்வமாக ஒருவர் காகிதத்தை இறக்கிவிட்டு எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பார். "உங்க மாமியார்கிட்ட" என்ற சொல் அவர் கண்ணில் போய் இறங்குவது தெரியும். என் நோட்டில் அவர் பெயருக்குக் கீழே ஒரு கோடு விழும்.

அடுத்த சோதனை சிரிப்பைத் தாங்குவது. குழுவின் பழைய ஆட்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து, எங்கே வேண்டுமானாலும் சிரியுங்கள், எங்கே வேண்டுமானாலும் சிரிக்காமல் இருங்கள் என்று சொல்லிவிடுவேன். சபை சிரிக்கும்போது நடிகர் பேச்சை நிறுத்த வேண்டும். ஆனால் வேஷத்தை விட்டு இறங்கக் கூடாது. சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்து அடுத்த வரியை எடுக்க வேண்டும். முந்தினால் வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். பத்தாவது வரிசை மாமா "என்ன சொன்னான்?" என்று பக்கத்தில் கேட்பார், மாமி விளக்குவார், அதற்குள் இருவருக்கும் அடுத்த ஜோக்கும் போய்விடும். சிரிப்பு முழுவதும் அடங்கட்டும் என்று காத்திருந்தால் நாடகம் தொய்ந்துவிடும். சிரிப்பு வரும் என்று நிறுத்தி, வராமல், அசட்டுச் சிரிப்போடு நிற்பது எல்லாவற்றிலும் மோசம்.

இந்த ஊர் நாடக மேடையில் தேர்வே நடத்தாமல் ஆள் பிடிக்கும் வழியும் ஒன்று உண்டு. கையில் இருக்கும் நடிகரின் அளவுக்கு வேஷத்தைத் தைத்துவிடுவது. கே. பாலசந்தர் நாகேஷை மனதில் வைத்து எழுதியதுதான் 'சர்வர் சுந்தரம்'. ராமசாமி சோ ஆனதும், ராமமூர்த்தி காத்தாடி ஆனதும் மேடையில் ஏற்ற பாத்திரங்களால்தான். கிரேஸி மோகன் 1979-ல் தொடங்கிய கிரேஸி கிரியேஷன்ஸில் நாடகத்துக்கு நாடகம் கதை மாறியது. மாதுவும் சீனுவும் மாறவில்லை. மாதுவாக அவருடைய தம்பி பாலாஜி, சீனுவாக இன்னொரு மோகன். ஒருவர் எங்கே மூச்சு விடுவார் என்பது மற்றவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்த வேகத்தில் அத்தனை ஜோக்குகளையும் அவர்களால் பேச முடிந்தது. ஆண்டுக்கணக்கில் ஒன்றாக மேடையேறும் குழுவுக்கு வாய்க்கும் கொடுப்பினை அது. புதுக் குழுவுக்கு அந்தப் பழக்கத்தின் முளை எந்த இருவரிடம் தெரிகிறது என்று ஒரே காலையில் கண்டுபிடித்தாக வேண்டும்.

சின்ன வேஷங்களுக்கும் இதே சோதனைதான். நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்த நாட்களில் ஒரு நாடகத்தில் வயிற்றுவலி நோயாளியாகச் சில நிமிடங்களே வந்தார். தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர்., அந்த நோயாளியைத்தான் மேடையில் பாராட்டிப் பரிசு கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்லித்தான் போஸ்ட்மேன் வேஷத்துக்கும் கூரியர்காரன் வேஷத்துக்கும் பையன்களைச் சம்மதிக்க வைப்பது வழக்கம். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: தபாலைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். கதாநாயகன் பேசும்போது பின்னால் நின்று தொப்பியைச் சரிசெய்து கைதட்டல் வாங்குபவருக்கு அடுத்த நாடகத்தில் தபாலே வராது.

பெண் வேஷம்தான் நிஜமான தலைவலி. மேடைக்கு வரும் நடிகைகள் குறைவு. ஒருவரே இரண்டு மூன்று குழுக்களில் இருப்பார், தேதி மோதும். அதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் எழுத்திலேயே இருக்கிறது. நகைச்சுவை நாடகத்தில் மனைவிக்கு விழுவதெல்லாம் "என்னங்க இது?", "யாருங்க வந்தது?" ரகம். இதை வைத்துக்கொண்டு ஒருவரின் திறமையை எப்படி அளப்பது? ஆகவே பெண்களையும் குடித்தனக்காரர் வசனத்தைப் படிக்கச் சொல்கிறேன். இந்த முறை அண்ணி நடிகை "அதான் ரசீது வரலையா?" என்பதை நிஜமாகவே சந்தேகம் தீர்ந்த நிம்மதியோடு கேட்டார். மாடியில் இருந்தவர்கள் அடங்க நேரமாயிற்று. குடித்தனக்காரர் இப்போது குடித்தனக்காரி. இரண்டு காட்சிகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தேர்வு முடிவைக் குழுவில் செய்தியாகப் போடுவதில்லை. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். கிடைக்காதவருக்கு அது மரியாதை. கிடைத்தவரோ சில சமயம் அதைவிட அதிகமாக வருத்தப்படுவார். தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டு, "சார், வீட்டுக்காரர் வேஷம் உங்களுக்கு" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை.

"எனக்கு ஒரு இடத்துலகூட சிரிப்பு வராதே தம்பி?"

"உங்களுக்கு வராது சார். உங்களாலதான் வரும்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் காலை ஆறு மணிக்கே போன். மாமியார் எந்த மாதத்தில் இறந்தார் என்று கதையில் இருக்கிறதா என்று கேட்டார்.

(அடுத்த வாரம்: முதல் ஒத்திகையும் பிராம்ப்டரும்)