விளிம்புக்கு வண்ணம், வாக்கியத்துக்கு அவசரம்

மிகுபுனைவு உலகத்தையும் காதல் கதையையும் ஒரே நூலில் பிணைக்கும் ‘ரொமான்டஸி’ என்னும் வகை அமெரிக்கப் புத்தகச் சந்தையில் இன்று பெரும் விற்பனை காண்கிறது. 2023 மே மாதம் வெளிவந்த ‘ஃபோர்த் விங்’ நாவல் இவ்வகையின் தலையாய வெற்றியாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால், குறுங்காணொளிகளின் புகழுரையை நம்பி அதை வாங்கியவர்களுள் ஒரு பகுதியினர் ஏமாற்றத்தோடுதான் படித்து முடித்தனர். அவரவர் ரசனை என்று அந்த ஏமாற்றத்தை ஒதுக்கிவிட முடியாது. அதற்குரிய காரணங்கள் நூலுக்குள்ளேயே இருக்கின்றன.

கதையின் தொடக்கம் வலுவானது. ஏடுகளைப் பேணும் எழுத்தர் பணிக்கென வளர்க்கப்பட்ட 20 வயது வயலெட், படைத்தலைவியான தாயின் கட்டளையால் டிராகன் வீரர்களின் போர்க்கல்லூரியில் சேர்கிறாள். எளிதில் மூட்டு விலகும் உடல்வாகு கொண்ட அவள், கால் தவறினால் சாவு என்னும் குறுகிய கற்பாலத்தைக் கடந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பதற்றத்தை அடக்குவதற்காக அவள் தன் நாட்டைப் பற்றிய செய்திகளை வாய்விட்டு ஒப்பிக்கிறாள். அச்சம் உச்சத்தைத் தொட வேண்டிய காட்சி, கற்பனை உலகின் விவரங்களை வாசகருக்குப் புகட்டும் பாடமாகத் தளர்ந்துபோகிறது.

காதலின் கதி இன்னும் வருத்தமானது. கிளர்ச்சித் தலைவரான தந்தை கொல்லப்பட்டதற்கு வயலெட்டின் தாயைப் பொறுப்பாக்கும் ஸேடன், வயலெட்டை வெறுப்பதற்கு எல்லா நியாயமும் உடையவன். அந்த வெறுப்பு எப்படிக் கரைகிறது என்பதே நாவலின் உயிராக இருந்திருக்க வேண்டும். ஆனால், இருவரின் டிராகன்களும் இணைகள், ஆகவே ஒருவர் இறந்தால் மற்றவர் உயிருக்கும் ஆபத்து என்றொரு விதி குறுக்கே வந்து, மனம் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்துவிடுகிறது. பகைவர் காதலராவது போன்று, வாசகர் முன்னரே அறிந்த கதையமைப்பை ‘ட்ரோப்’ என்பர். இத்தகைய நூல்கள் ட்ரோப்புகளின் பெயர் சொல்லியே விளம்பரமாகின்றன. அறிவித்த ட்ரோப் நூலில் தவறாமல் இருக்கிறது. அதை நம்பவைக்கும் எழுத்துத்தான் இல்லை.

வாசிப்பையே கைவிட்டிருந்த பலரை இந்நாவல் மீண்டும் புத்தகத்திடம் அழைத்து வந்தது என்று அதன் அன்பர்கள் கூறுவதில் உண்மை உண்டு. எனினும், அப்படி வந்தவர்களுக்குச் செம்மையான நூல் கிடைத்ததா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

செம்மையாக்கம் என்பது எழுத்துப்பிழை திருத்துவது மட்டுமன்று. தேவையற்ற காட்சியை நீக்குவதும், பாத்திரத்தின் மாற்றத்துக்குக் காரணம் போதுமா என்று வினவுவதும், கையெழுத்துப்படியைச் சில மாதம் ஆறப்போட்டு மீண்டும் எழுதவைப்பதும் அதனுள் அடங்கும். இதற்கெல்லாம் காலம் வேண்டும். ‘ஃபோர்த் விங்’ வந்த ஆறே மாதத்தில், 2023 நவம்பரில், 600 பக்கங்களைத் தாண்டிய இரண்டாம் பாகமான ‘அயர்ன் ஃபிளேம்’ கடைக்கு வந்துவிட்டது. அச்சிலும் அவசரம் தெரிந்தது. சில படிகளில் அச்சுக் குறைபாடுகள் இருந்ததாக வாங்கியவர்கள் முறையிட்டனர். பக்கங்களின் வெளி விளிம்பில் மை தெளித்து டிராகன் உருவம் பதிப்பதற்குக் கிடைத்த அக்கறை, அப்பக்கங்களில் உள்ள வாக்கியங்களுக்குக் கிடைக்காதது கவலைக்குரியது.

மூன்றாம் பாகமான ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வெளியாகி, ஒரே வாரத்தில் 27 லட்சம் படிகளுக்கு மேல் விற்றதாக அறிவிக்கப்பட்டது. மாதக்கணக்கில் சேர்ந்த முன்பதிவுகளும் முதல் வார விற்பனையாகவே கணக்கில் ஏறுவது புத்தக வணிகத்தின் வழக்கம். ஆகவே, படித்தபின் மனம் கசந்த வாசகரும் படிப்பதற்கு முன்பே ஆதரவாளராக எண்ணப்பட்டு விடுகிறார். அடுத்த பாகத்துக்கு எவ்வளவு காலம் ஒதுக்குவது என்று திட்டமிடுவோரின் மேசைக்குச் செல்வதும் அந்த எண்ணிக்கைதான்.