வால்வு வில்: எவ்வளவு விசை போதும்?

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் நியூற்றனின் இரண்டாம் விதியைக் கற்கும் மாணவர் பலர், "விசை = திணிவு × ஆர்முடுகல்" என்பது துரொல்லியும் கயிறும் வரும் கணக்குகளுக்கு மட்டுமே உரியது என எண்ணிவிடுகின்றனர். வீதியில் ஓடும் ஒவ்வொரு பெற்றோல் வாகனத்தினுள்ளும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுருளி வில்லின் மீது அதே விதி ஒரு செக்கனில் பல தடவை பரீட்சிக்கப்படுகின்றது. அதுவே வால்வு வில் ஆகும். வேகமாகச் சுழலும் எஞ்சினுக்கு இவ்வில்லைத் தெரிவு செய்வது எவ்வாறு, சோதிப்பது எவ்வாறு என்பதை இங்கு நோக்குவோம்.

நான்கடிப்பு எஞ்சினில் உள்ளெடுத்தல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்னும் நான்கு அடிப்புகளும் நிறைவேறக் கிராங்க் தண்டு இரு தடவை சுழல வேண்டும். அவ்வேளையில் கேம் தண்டு ஒரு தடவையே சுழலும். ஒவ்வொரு வால்வும் ஒரு தடவையே திறந்து மூடும். திறப்பது கேமின் வேலை. மூடுவது யாருடைய வேலை? கேமினால் தள்ள முடியுமே தவிர இழுக்க முடியாது. கேமின் முனை கடந்து சென்றதும் வால்வைத் திரும்பக் கொண்டுவந்து அதன் இருக்கையில் அமர்த்துவது வில் மட்டுமே. அதிலும் கடினமான கணம் எது என்பதைக் கவனியுங்கள். வால்வு முழுமையாகத் திறந்து, நின்று, திசை மாறுகின்ற கணமே அது. அக்கணத்தில் வில்லின் விசை போதாவிட்டால் வால்வு தன் சடத்துவத்தினால் கேமை விட்டு விலகித் தொடர்ந்து செல்லும். இதனை வால்வு மிதத்தல் என்பர்.

நிமிடத்துக்கு 6000 சுழற்சிகள் ஓடும் எஞ்சினில் கேம் தண்டு 3000 தடவை, அதாவது செக்கனுக்கு 50 தடவை சுழலும். ஒரு மணி நேரத்தில் ஒரு வில் 180 000 தடவை நெருக்கப்படும். மெதுவான எஞ்சின்களில் இச்சிக்கல் பெரிதன்று. 1954 இல் கனடாவிலிருந்து வந்த எம் 2 வகைப் புகையிரத எஞ்சின் கடுகண்ணாவை ஏற்றத்தில் முழு வலுவுடன் இழுக்கும்போதும் அதன் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 835 சுழற்சிகளே சுழலும். அது ஈரடிப்பு எஞ்சின் ஆதலால் அதன் வால்வுகள் ஒவ்வொரு சுழற்சியிலும் திறக்கும். அப்படியிருந்தும் செக்கனுக்கு 14 தடவைதான்.

மலையில் ஓடும் பந்தய எஞ்சின்

வேகமான எஞ்சின் ஏன் தேவைப்படுகின்றது என்பதற்கு மத்திய மாகாணத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டப் போட்டியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கு வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழ 80 சதவீதமே. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அது 94 சதவீதம். வளியைத் தானே உறிஞ்சும் எஞ்சின் ஒன்று கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக மேலே செல்லும்போது, ஒவ்வோர் உள்ளெடுத்தல் அடிப்பிலும் பெறும் ஒட்சிசன் குறைந்துகொண்டே போகின்றது. ஓர் அடிப்பில் கிடைக்கும் வேலை குறைந்தால், அதே வலுவைப் பெற ஒரு செக்கனில் நிகழும் அடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஆகவே எஞ்சினை மேலும் வேகமாகச் சுழற்ற விரும்புவர். அங்கேதான் வால்வு வில் தடையாக நிற்கின்றது.

எண்கள் மூலம் பார்ப்போம். வால்வு, அதன் மேற்றட்டு, டப்பட் ஆகியவற்றுடன் வில்லின் திணிவில் மூன்றிலொரு பங்கையும் சேர்த்து அசையும் திணிவு 100 கிராம் எனக் கொள்வோம். (வில்லின் ஒரு முனை அசைய மறுமுனை அசையாதிருப்பதால் அதன் முழுத் திணிவையும் சேர்ப்பதில்லை.) 6000 சுழற்சிகளில், முழுத் திறப்பின்போது வால்வுக்குத் தேவையான ஆர்முடுகல் 2700 மீற்றர்/செக்கன்² என்க. இது புவியீர்ப்பு ஆர்முடுகலின் 270 மடங்கு. தேவையான விசை 0.1 × 2700 = 270 நியூற்றன்.

எஞ்சின் 8000 சுழற்சிகளில் ஓடினால்? வால்வு செல்லும் தூரம் மாறவில்லை. நேரம் மட்டும் குறைந்துள்ளது. எனவே ஆர்முடுகல், சுழற்சிக் கதியின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமனாகக் கூடும். 8000 என்பது 6000 இன் 4/3 மடங்கு. அதன் வர்க்கம் 16/9. ஆர்முடுகல் 4800 மீற்றர்/செக்கன்², விசை 480 நியூற்றன். 9000 இல் விசை 607.5 நியூற்றன். கதி ஒன்றரை மடங்காகும்போது தேவையான விசை இரண்டே கால் மடங்காகின்றது. வில் தெரிவின் முழுச் சிக்கலும் இந்த வர்க்கத்தில்தான் அடங்கியுள்ளது.

இனி ஒரு வில்லை எடுப்போம். அதன் சுமையற்ற நீளம் 48 மி.மீ. வில் மாறிலி மி.மீ. ஒன்றுக்கு 30 நியூற்றன். எஞ்சினில் பொருத்தி வால்வு மூடியிருக்கும்போது நீளம் 40 மி.மீ. வால்வு 10 மி.மீ. திறக்கும்போது நீளம் 30 மி.மீ. ஊக்கின் விதிப்படி மூடிய நிலையில் விசை 8 × 30 = 240 நியூற்றன்; திறந்த நிலையில் 18 × 30 = 540 நியூற்றன். மாணவர் பலர் புள்ளிகளை இழக்கும் இடம் இதுவே. அவர்கள் வால்வு திறக்கும் 10 மி.மீ. ஐ மட்டும் எடுத்து 300 நியூற்றன் என எழுதுவர். நெருக்கத்தை எப்போதும் சுமையற்ற நீளத்திலிருந்தே அளக்க வேண்டும்.

இவ்வில் 8000 சுழற்சிகளுக்குப் போதும். 60 நியூற்றன் மிகுதியாகவும் உள்ளது. 8500 இல் தேவை 542 நியூற்றன். அதுவே இதன் எல்லை.

வலிமையான வில்லே நல்ல வில்லா?

"அப்படியானால் இருப்பதில் மிக வலிமையான வில்லைப் போட்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். கராஜ்களிலும் இவ்வாறு செய்பவர் உளர். வில்லை நெருக்கச் செலவிடும் சக்தி முழுவதும் வீணாகின்றது என்பது பிழையான கருத்து. மேற்கூறிய வில்லில் ஒரு திறப்பின்போது சராசரி விசை 390 நியூற்றன், தூரம் 0.01 மீற்றர், ஆகவே 3.9 யூல் சேமிக்கப்படுகின்றது. வால்வு மூடும்போது அதன் பெரும்பகுதி கேமைத் தள்ளித் திரும்பக் கிடைக்கின்றது. உண்மையான இழப்பு உராய்வினால் ஏற்படுவதாகும். விசை கூடக் கேமும் டப்பட்டும் ஒன்றையொன்று கூடுதலாக அழுத்தும். எண்ணெய்ப் படலம் மெலியும். கேமின் முனை தேயும். தேய்ந்த கேம் வால்வைக் குறைவாகவே திறக்கும். வலுவைக் கூட்டப் போட்ட வில் அதையே குறைத்துவிடும்.

ஆகவே நல்ல வழி விசையைக் கூட்டுவதன்று, திணிவைக் குறைப்பதாகும். அசையும் திணிவை 100 கிராமிலிருந்து 90 கிராமாகக் குறைத்தால் 8500 சுழற்சிகளில் தேவை 488 நியூற்றன் மட்டுமே. பத்துக் கிராம் என்பது இரண்டு மேசைக்கரண்டி நீரைவிடக் குறைவு. அதற்காகவே பந்தய எஞ்சின்களில் தைத்தேனியத்தால் செய்த மேற்றட்டுகளைப் பயன்படுத்துகின்றனர்.

விசை போதாவிட்டால் நேரும் தீங்கு இதைவிடப் பெரியது. மிதக்கும் வால்வு உரிய நேரத்தில் மூடாது. மேலே வரும் முசலம் அதில் மோதலாம். வால்வு வளையும், முசலம் உடையும். இது பந்தயக்காரருக்கு மட்டும் உரியதன்று. கண்டியிலிருந்து கடுகண்ணாவை இறக்கத்தில் வரும் சாரதி ஒருவர் மூன்றாம் கியருக்குப் பதிலாக முதலாம் கியருக்கு மாற்றிவிட்டால், சில்லுகளே எஞ்சினைச் சுழற்றி அதன் எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்லும். எஞ்சினில் உள்ள கதி மட்டுப்படுத்தி எரிபொருளையோ தீப்பொறியையோதான் நிறுத்தும், சில்லுகளை நிறுத்தாது. அப்போது முசலத்தைக் காப்பது வில்லிடம் மிகுதியாக இருக்கும் அந்தச் சில நியூற்றன்களே.

இன்னொரு சிக்கலும் உண்டு. வில்லுக்கும் திணிவு இருப்பதால் அதற்கு ஓர் இயற்கை மீடிறன் உண்டு. 4 மி.மீ. கம்பியால் செய்யப்பட்ட நமது வில்லுக்கு அது ஏறத்தாழ 450 ஹேட்ஸ். 7700 சுழற்சிகளில் கேமின் மீடிறன் 64 ஹேட்ஸ் மட்டுமே. எனினும் கேமின் தள்ளல் ஒரு தூய சைன் அலை அன்று; ஒரு வயலின் தந்தியில் மேற்றொனிகள் இருப்பதுபோல 64 இன் இரு மடங்கு, மூன்று மடங்கு என்னும் மீடிறன்களும் அதில் கலந்துள்ளன. 64 இன் ஏழு மடங்கு ஏறத்தாழ 450. ஆகவே பரிவு நிகழும். வில்லின் நடுச் சுருள்கள் தாமாகவே முன்பின் அலையும். முனையில் கிடைக்கும் விசை கூடிக் குறையும். கணக்கு 8500 வரை பாதுகாப்பு என்று கூற, எஞ்சின் 7700 இலேயே தடுமாறலாம். இதனைத் தடுக்க ஒன்றினுள் ஒன்றாக இரு வில்களை எதிரெதிர்த் திசைகளில் சுற்றி வைப்பர். எதிர்த் திசையில் சுற்றுவதால் சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கமாட்டா. இரண்டின் இயற்கை மீடிறன்களும் வேறாதலால் ஒருங்கே பரிவடையா. மேலே குறுகித் தேன்கூடு போன்ற வடிவிலுள்ள வில்லும் இதற்கு உதவும். அதன் மேற்றட்டு சிறியதாதலால் திணிவும் குறைகின்றது. எனக்குப் பிடித்த தீர்வு அதுவே.

வில்லையே கைவிட்டவர்களும் உளர். இத்தாலியின் டுக்காட்டி நிறுவனம் 1956 இலிருந்து, வால்வை மூடுவதற்கும் தனியான கேம் உள்ள எஞ்சின்களைச் செய்தது. 1986 இல் ரெனோல்ட் நிறுவனம் தன் போர்முலா 1 எஞ்சினில் உருக்கு வில்லுக்குப் பதிலாக நெருக்கிய வாயுவைப் பயன்படுத்தியது. வாயுவின் திணிவு மிகச் சிறிது.

சோதித்தல்

வில்லைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. வேணியர் இடுக்கி, மூலைமட்டம், நிறை பார்க்கும் தராசு, மேசைத் துளையிடும் பொறி ஆகியன போதும். முதலில் சுமையற்ற நீளத்தை அளந்து, மூலைமட்டத்தின் அருகே நிறுத்திச் சாய்வு உண்டா எனப் பாருங்கள். பின் தராசை மின்னிணைப்பு நீக்கிய துளையிடும் பொறியின் மேசை மீது வைத்து, ஒரு தடித்த இரும்புத் தட்டின் மேல் வில்லை நிறுத்தித் தட்டையான முனையுள்ள ஒரு தண்டினால் அழுத்துங்கள். தட்டின் நிறையை முன்கூட்டியே கழித்துவிடுக. நீளம் 40 மி.மீ. ஆகும்போது தராசு ஏறத்தாழ 24 கிலோகிராமையும், 30 மி.மீ. ஆகும்போது 54 கிலோகிராமையும் காட்ட வேண்டும். பிந்தியது உங்களில் ஒருவர் அதன் மீது ஏறி நிற்பதற்குச் சமன். வில் நழுவினால் கண்ணைப் பறிக்கும். காப்புக் கண்ணாடி அணிந்து ஆசிரியரின் முன்னிலையிலேயே இதனைச் செய்க.

அடுத்து, சுருள்கள் யாவும் ஒன்றையொன்று முட்டும் நீளம். மொத்தச் சுருள்கள் 6½, கம்பி 4 மி.மீ.; எனவே 26 மி.மீ. இல் வில் திண்மக் குழாய் போலாகிவிடும். திறந்த நிலையில் நீளம் 30 மி.மீ. ஆதலால் 4 மி.மீ. இடைவெளி உண்டு. மெல்லிய வளையத் தகடொன்றை அடியில் வைத்தால் மி.மீ. ஒன்றுக்கு 30 நியூற்றன் கூடும். ஆனால் இவ்விடைவெளி அதே அளவு குறையும்.

எஞ்சின் சில காலம் ஓடியபின் மீண்டும் அளப்பது முக்கியம். வெப்பத்தினாலும் தொடர்ச்சியான நெருக்கத்தினாலும் வில் தன் நீளத்தைச் சிறிது இழக்கும். 48 மி.மீ. வில் 46 மி.மீ. ஆகிவிட்டால் திறந்த நிலையில் விசை 16 × 30 = 480 நியூற்றன். 8000 சுழற்சிகளுக்கு ஒரு நியூற்றன்கூட மிகுதி இல்லை! பார்வைக்கு அது புது வில்லைப் போலவே இருக்கும். 16 வால்வுகளுள்ள எஞ்சினில் 15 வில்கள் நன்றாயிருந்து ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால், எஞ்சினின் எல்லையைத் தீர்மானிப்பது அந்த ஒன்றே. எனவே மாதிரிக்கு ஒன்றை எடுத்துச் சோதிப்பது போதாது.

வில்லைக் குறட்டினால் பிடிக்கக்கூடாது. நல்ல வில்கள் குரோமியம் சிலிக்கன் கலந்த உருக்கால் செய்யப்பட்டு, சிறு உருக்குக் குண்டுகளால் மேற்பரப்பு அடிக்கப்பட்டவை. அவ்வாறு அடிப்பதால் மேற்பரப்பு நெருக்கப்பட்ட நிலையில் இருக்கும். வெடிப்புத் தோன்றுவது கடினமாகும். ஒரு கீறல் அந்தக் காப்பை அழித்துவிடும். வில் முறிவது பெரும்பாலும் அக்கீறலிலேயே.

பயிற்சி வினா

ஒரு வில்லின் சுமையற்ற நீளம் 50 மி.மீ., பொருத்திய நீளம் 42 மி.மீ., வால்வின் திறப்பு 9 மி.மீ., வில் மாறிலி மி.மீ. ஒன்றுக்கு 25 நியூற்றன், சுருள்கள் முட்டும் நீளம் 31 மி.மீ. அசையும் திணிவு 80 கிராம். 6000 சுழற்சிகளில் தேவையான ஆர்முடுகல் 2400 மீற்றர்/செக்கன்². இவ்வில் 9000 சுழற்சிகளுக்குப் போதுமா? போதாவிட்டால் யாது செய்யலாம்?

விடை: திறந்த நிலையில் நெருக்கம் 17 மி.மீ., விசை 425 நியூற்றன். 9000 இல் ஆர்முடுகல் 2400 × 2.25 = 5400 மீற்றர்/செக்கன்²; தேவை 0.08 × 5400 = 432 நியூற்றன். போதாது. 1 மி.மீ. தகடு வைத்தால் விசை 450 நியூற்றனாகும். ஆனால் சுருள்களுக்கிடையே எஞ்சும் மொத்த இடைவெளி 2 மி.மீ. இலிருந்து 1 மி.மீ. ஆகக் குறையும். வில் 1 மி.மீ. தளர்ந்தாலே நிலைமை மீண்டும் 425 நியூற்றனுக்குத் திரும்பிவிடும். அசையும் திணிவை 70 கிராமாகக் குறைத்தால் தேவை 378 நியூற்றன். இடைவெளி மாறாது, 47 நியூற்றன் மிகுதியாகும். இரு விடைகளும் ஏற்கத்தக்கவை. காரணத்துடன் எழுதப்படும் இரண்டாவது விடையே மேலானது.