மூட்டு மாற்றிய பின் கல்லாவில் உட்காருவது எப்படி?

மளிகைக் கடைக்காரரின் முழங்கால் ஒரு நாளில் படும் பாட்டை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. மூட்டை அருகே குந்தி அரிசி அள்ளுவது, மேல் தட்டுச் சரக்குக்கு ஸ்டூல் மீது ஏறுவது, எண்ணெய் டின்னைக் குனிந்து சாய்ப்பது, மீதி நேரம் கல்லாவில் சம்மணமிட்டு உட்காருவது என்று முப்பது நாற்பது வருடம் ஓடிவிடுகிறது. அறுபதை நெருங்கும்போது முழங்கால் தேய்ந்து, கால் வில்லாக வளைந்து, கடையின் இரண்டு படி ஏறுவதற்கே கதவைப் பிடிக்க வேண்டிய நிலை வருகிறது.

அப்போது டாக்டர் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்கிறார். நம்மில் பலர், “கடையை யார் பார்ப்பது?” என்று அதைத் தள்ளிப் போடுகிறோம். வேறு சிலர் செய்துகொண்டு, மூன்றாம் வாரமே கல்லாவுக்கு வந்து பழையபடி உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டக் கணக்குத்தான். அறுவைக்கு முன்பே கடையைக் காலுக்கு ஏற்றபடி மாற்றி வைத்தால் காலும் தேறும், கடையும் நிற்காது.

பிரதமராக இருந்தபோதே வாஜ்பாய் 2000 அக்டோபரில் இடது முழங்காலுக்கும், 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும் மும்பையில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டார். அடுத்த மாதமே ஆக்ரா பேச்சுவார்த்தையை நடத்தினார். அவருக்கு உதவ ஆட்கள் ஏராளம். நமக்கு அப்படி இல்லை. ஆகவேதான் முன்னேற்பாடு அதிகம் தேவைப்படுகிறது.

எதற்கு எவ்வளவு மடங்க வேண்டும்?

தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி எடுத்து, உலோகத் தொப்பி போட்டு, நடுவில் உறுதியான பிளாஸ்டிக் தகடு வைப்பதே மூட்டு மாற்று. புது மூட்டு வலியைப் போக்கும், வளைந்த காலை நிமிர்த்தும். ஆனால் இருபது வயது முழங்காலைத் திருப்பித் தராது.

சமதளத்தில் நடக்க முழங்கால் சுமார் 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க சுமார் 90 டிகிரி வேண்டும். சாதாரண நாற்காலியிலிருந்து எழ 100 டிகிரி அளவு வேண்டும். சம்மணமிடவும் குந்தவும் 130 டிகிரிக்கு மேல் தேவைப்படலாம். அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்குக் கிடைப்பது 110 முதல் 120 வரை. ஆக, நாற்காலியும் படியும் நம் கணக்குக்குள் வருகின்றன. சம்மணம் பெரும்பாலும் வராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறுவைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியதோ அதைப் பொறுத்தே பின்னால் மடங்குவதும் பெரிதும் அமைகிறது. கால் கட்டையாக இறுகும்வரை தள்ளிப் போடுபவர், பின்னால் கிடைக்க வேண்டிய மடிப்பையும் சேர்த்தே இழக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்

தீபாவளி, பொங்கல் வியாபாரத்தைக் கணக்கிட்டு, அதற்கு மூன்று மாதம் முன்போ, அது முடிந்த பின்போ தேதி வாங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே அறுவைக்குப் போக வேண்டும். சர்க்கரை கூடியிருந்தால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் வைக்கும் அபாயமும் உண்டு.

பற்று நோட்டில் உள்ள பாக்கியை வீட்டில் ஒருவருக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பது உங்கள் மனக்கணக்கில் மட்டும் இருந்தால், நீங்கள் படுத்திருக்கும் ஒரு மாதத்தில் அது வராக்கடன் ஆகிவிடும். மொத்த வியாபாரிகளுக்குப் போன் செய்து, உங்கள் பேரில் யார் சரக்கு எடுப்பார் என்று சொல்லிவிடுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குக்கு வரும் ஓ.டி.பி. உங்கள் போனுக்குத்தான் வரும். அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

செலவு விஷயத்தில் ஒரு செய்தி. செயற்கை மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. அதற்கு முன் சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற சாதாரண வகை மூட்டின் விலை அன்று 54,720 ரூபாயாக இறங்கியது. மூட்டின் விலையைப் பில்லில் தனியே காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஒரு மூட்டை பருப்புக்கே பில் கேட்கும் நாம் இதற்குக் கேட்கத் தயங்க வேண்டாம்.

முதல் ஆறு வாரம்

பெரும்பாலும் அறுவை முடிந்த மறுநாளுக்குள் வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தபின் நடப்பதற்கும் பயிற்சிக்கும் சோம்பக் கூடாது. வலிக்கிறதே என்று மடக்காமல் விட்டால் உள்ளே தழும்பு இறுகிவிடும். பிறகு மடக்குவது மிகவும் கடினம். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மடங்குவதைப் போலவே நேராக நீள்வதும் முக்கியம். படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது சுகமாக இருக்கும். ஆனால் கால் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். பயிற்சிக்குப் பின் துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்தால் வீக்கம் அடங்கும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் போக வேண்டும். கைத்தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வீட்டில் மேற்கத்திய முறைக் கழிப்பறை இல்லையென்றால், அதற்கான நாற்காலியை முன்கூட்டியே வாங்கி, சுவரில் கைப்பிடியும் பொருத்திவிடுங்கள்.

கல்லாவுக்குத் திரும்பும்போது

கடைக்கு எப்போது போகலாம் என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். போனவுடன் முழு நாளும் உட்காரக் கூடாது. காலையில் இரண்டு மணி நேரம், வீட்டில் ஓய்வு, மாலையில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டலாம்.

வேலையைவிட, எழாமல் உட்கார்ந்திருப்பதே இந்தக் காலுக்குப் பெரிய பகை. காலைத் தொங்கவிட்டு மூன்று மணி நேரம் பணம் வாங்கிப் போட்டால், மாலையில் கணுக்கால் வரை வீங்கிவிடும். இரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கடைக்குள்ளேயே பத்து அடி நடங்கள். கூட்டமான நேரத்திலும் பாதத்தை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருக்கலாம். காலை நீட்டி வைக்கக் கல்லாவுக்கு அடியில் ஒரு சிறு ஸ்டூல் போடுங்கள். பெரியவர் முன் காலை நீட்டுவது மரியாதை இல்லையே என்று கூச வேண்டாம். ஒரு வார்த்தை சொன்னால் யாரும் புரிந்துகொள்வார்கள்.

திண்டும் மெத்தையும் போட்ட தரைக் கல்லாவை இனி விட்டுவிட வேண்டியதுதான். கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத, சற்று உயரமான நாற்காலி வேண்டும். உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். எழும்போது இரு கைகளையும் கைப்பிடியில் ஊன்றி எழ வேண்டும்.

தினமும் பத்து முறை எடுக்கும் சரக்கை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளுக்கு மாற்றுங்கள். சீனி, பருப்பு, டீத்தூள், சோப்பு எல்லாம் அங்கே இருக்கட்டும். அபூர்வமாகப் போகும் சரக்கு மேலேயும் கீழேயும் இருக்கலாம். அதைக் கடைப் பையன் எடுத்துத் தருவான். அரிசி மூட்டையைப் பலகை மேல் ஏற்றி வைத்தால் குந்தாமலே அள்ளலாம்.

நடக்கும் வழியில் சணல் கயிறு, சாக்கின் ஓரம், அட்டைப் பெட்டி எதுவும் கிடக்கக் கூடாது. எண்ணெய் சிந்தினால் உடனே மண்ணோ உமியோ போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். வாசலில் சாக்கடை மேல் போட்ட கல் ஆடுகிறதா என்றும் பாருங்கள். வாக்கரின் ஒரு கால் இடறினாலும் விழ வேண்டியதுதான்.

மூட்டை தூக்குவது, ஏணி ஏறுவது இரண்டையும் அடுத்தவரிடம் விட்டுவிடுங்கள். தேறிய பிறகும் கனமான சரக்கைத் தள்ளுவண்டியில் நகர்த்துவதே புது மூட்டுக்கு நல்லது. இரு சக்கர வண்டியை டாக்டர் அனுமதித்த பிறகே தொட வேண்டும். வண்டி சாயும்போது காலை ஊன்றித் தாங்கும் பலம் வந்திருக்கிறதா என்பதே அளவுகோல்.

விழாவும் வழிபாடும்

ஆயுத பூசையன்று தரையில் உட்கார்ந்து படைப்பதும், கல்யாணப் பந்தியில் சம்மணமிட்டு இலை முன் அமர்வதும் வழக்கமாக இருந்திருக்கும். இனி நாற்காலியில் அமர்ந்து செய்யலாம். கோயிலில் நின்றபடியே கும்பிடலாம். மண்டியிடுவதால் மூட்டு உடைந்துவிடாது. ஆனாலும் தழும்பு உறுத்தும், அதன் வெளிப்பக்கம் மரத்திருக்கும். அதனால் பலரும் தவிர்க்கிறார்கள்.

தாமதிக்கக் கூடாதவை

முழங்காலைச் சுற்றிச் சில மாதங்கள் லேசான வெப்பமும் வீக்கமும் இருப்பது இயல்பு. ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புண்ணிலிருந்து நீர் வடிவது, சிவப்பு பரவுவது, குளிர் காய்ச்சல் ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. சந்தை நாளாயிற்றே, கூட்டம் குறையட்டும் என்று பார்க்காதீர்கள். பிறகு எப்போது பல் பிடுங்கப் போனாலும், செயற்கை மூட்டு வைத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் செய்யக்கூடியது

ஒருவர் படுத்திருக்கும் மாதத்தில் அவர் வாடிக்கையை இழுத்துக்கொள்வது வியாபாரத் திறமை ஆகாது. மொத்தச் சந்தைக்குப் போகும்போது அவர் கடைக்கும் சேர்த்துச் சரக்கு ஏற்றி வரலாம். கல்லாவில் இருக்கும் அவர் மனைவிக்கோ மகனுக்கோ அன்றைய விலையைச் சொல்லலாம். ஏற்கெனவே மூட்டு மாற்றிக்கொண்ட உறுப்பினர் ஒருவர் நேரில் போய்த் தன் அனுபவத்தைச் சொன்னால் அதைவிடப் பெரிய தைரியம் கிடையாது. நம் கடைத்தெருவில் அப்படி ஒருவராவது இருப்பார். அறுவைக்குத் தேதி வாங்கியவரின் கடைக்கு இந்த வாரமே அவரை அழைத்துப் போங்கள்.