புளோரன்சில் தங்கி, புகையிரதத்தில் ஒரு நாள் உலா

ஐரோப்பாவுக்கு வந்த காலத்தில் எம்மவரில் பலர், முகவர் காட்டிய புகையிரதத்தில் ஏறி, இறங்கும் ஊரின் பெயரும் அறியாது, பரிசோதகரைக் கண்டு நெஞ்சு பதைக்கப் பயணித்தவர்களே. இன்று பயணச்சீட்டோடும் பத்திரத்தோடும் செல்லக்கூடிய நிலை வந்த பின்பும், விடுமுறையை உறவினர் வீட்டுக் கொண்டாட்டங்களிலேயே கழித்துவிடுகின்றோம். செலவை நினைத்துத் தயங்குவோருக்கு இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் ஒரு நல்ல வழியைக் காட்டுகின்றது. ஒரே விடுதியில் தங்கி, காலையில் அயல் நகருக்குச் சென்று மாலையில் திரும்பலாம். பெட்டிகளைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

1935இல் திறக்கப்பட்ட சாந்தா மரியா நொவெல்லா நிலையம் நகரின் நடுவிலேயே உள்ளது. அங்கிருந்து ‘ரெஜியொனாலே’ எனப்படும் பிராந்தியப் புகையிரதங்களைத் தெரிவு செய்வோமாக. இவற்றில் ஆசனப் பதிவு இல்லை. முன்னரே வாங்கினாலும் அன்றே வாங்கினாலும் கட்டணம் ஒன்றே. நான்கு வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கட்டணமில்லை.

முதல் நாள் லூக்காவுக்கும் பீசாவுக்கும் செல்லலாம். லூக்கா செல்லும் வண்டிகள் பலவற்றின் பலகையில் இறுதித் தரிப்பிடமான ‘வியாரெஜ்ஜோ’ என்ற பெயரே காணப்படும். பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நகரைச் சூழ்ந்த பழைய மதில் நான்கு கிலோமீற்றருக்கு மேற்பட்டது. மதிலின் மேல் மரநிழலில் பிள்ளைகள் நடக்கலாம், துவிச்சக்கரவண்டியும் ஓட்டலாம்.

லூக்காவிலிருந்து பீசா அரைமணித் தூரமே. ‘சான் ரொஸ்ஸோரே’ நிலையத்தில் இறங்கினால் சாய்ந்த கோபுரம் மிக அண்மையில் உள்ளது. 1173இல் கட்டத் தொடங்கிய இக்கோபுரம், பாதுகாப்புக் கருதி 1990இல் மூடப்பட்டு, சீர்செய்யப்பட்ட பின் 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்டோர் மேலே ஏற அனுமதியில்லை. பீசாவின் மத்திய நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் புளோரன்ஸ் திரும்பலாம்.

மற்றொரு நாளைச் சியன்னாவுக்கு ஒதுக்கலாம். இதுவும் ஏறத்தாழ ஒன்றரை மணிப் பயணம். நிலையம் தாழ்வில் இருந்தாலும் குன்றின் மேலுள்ள நகருக்கு நகரும் படிகள் உண்டு.

சில எச்சரிக்கைகள். கடதாசிப் பயணச்சீட்டை ஏறுமுன் மேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். தொலைபேசியில் வாங்கிய சீட்டாயின் அதிலேயே பயணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் பணம் கொடுத்து வாங்கிய சீட்டுக்கும் தண்டம் விதிக்கப்படும். ‘ஷோபெரோ’ என்ற அறிவிப்பு வேலைநிறுத்தத்தைக் குறிக்கும். அத்தகைய வார நாட்களிலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறித்த சில பிராந்திய வண்டிகள் ஓடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பத்திரம். வதிவிட அனுமதியையும் அகதிப் பயணப் பத்திரத்தையும் எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். தஞ்சக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள், எல்லை கடக்கும் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் தம் சட்டத்தரணியிடம் கேட்டறிவது அவசியம்.

நேர அட்டவணையைப் பிள்ளைகளிடமே கொடுத்துத் திட்டமிடச் சொல்வோம். பரிசோதகர் வரும்போது சீட்டை அவர்களே எடுத்து நீட்டட்டும். நாம் அறிந்த அச்சம் அவர்களுக்கு வேண்டாம்.