சத்தி அழியாதெனின் விளக்கு அணைவது ஏன்?

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யான் விடை கூறாது விட்ட வினாவொன்று நினைவுக்கு வந்தது. வினாவியவன் நம் கல்லூரி மாணவன். விடை கூறாதவன் அவனுக்குப் பௌதிகம் கற்பித்த யானே.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியோ கிடைத்தற்கரிய பொருளாயிற்று. வானொலிச் செய்தி கேட்க விரும்பியோர் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிபடியைக் கையாற் சுழற்ற, தைனமோ தரும் மின்னில் வானொலியைப் பேசவைத்தமையை அக்காலத்தில் வாழ்ந்தோர் மறந்திரார். அம்மாணவனும் தன் வீட்டில் நாள்தோறும் மிதிபடி சுழற்றியவன். ஒரு நாள் வகுப்பு முடிந்தபின் தான் வரைந்த படமொன்றைக் காட்டினான். தைனமோ பற்றரிக்கு மின்னேற்றும். பற்றரி சிறு மோட்டர் ஒன்றை இயக்கும். மோட்டர் சில்லைச் சுழற்றும். சில்லு மீண்டும் தைனமோவைச் சுழற்றும். தொடக்கத்தில் ஒரு முறை கையாற் சுழற்றிவிட்டாற் போதும் என்பது அவன் எண்ணம்.

“சத்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று நீங்கள்தானே சேர் படிப்பித்தீர்கள். அழியாத சத்தி சுற்றிச் சுற்றி வருவதற்கு என்ன தடை?” என்றான்.

“அது ஓடாது. பாடத்தைப் படி” என்றேன். அவன் படத்தை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

2022 ஆம் ஆண்டில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிய நாட்களில், எரிபொருள் வேண்டாத மின்பிறப்பாக்கி என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கு அவன் தன் சேமிப்பிற் பெரும்பகுதியை முற்பணமாகக் கொடுத்து இழந்தான். அச்செய்தி என் செவிக்கு எட்டியபோது, அவ்விழப்பில் எனக்கும் பங்குண்டென உணர்ந்தேன். அவன் விதியைப் பிழையாகப் பாடமாக்கவில்லை. யான்தான் அதில் ஒரு பாதியை மட்டும் கற்பித்திருந்தேன்.

முதலில் தைனமோவை எடுத்துக்கொள்வோம். அதனுள்ளே காந்தம் இருப்பதால், காந்தமே மின்னைத் தருகின்றது எனப் பலரும் எண்ணுகின்றனர். அங்ஙனமாயின் ஒருநாள் அக்காந்தம் செலவாகி முடிந்துவிடல் வேண்டும், முடிவதில்லை. மின்னைத் தருவது மிதிபடியைச் சுழற்றுங் கையே. விளக்கை இணைக்காது சுழற்றினாற் சில்லு எளிதிற் சுழலும். இணைத்தவுடன் கை பாரத்தை உணரும். கம்பிச்சுருளில் மின் ஓடத் தொடங்கியதும் அம்மின்னே ஒரு காந்தமாகித் தன்னைத் தோற்றுவித்த இயக்கத்தை எதிர்க்கின்றது. இரசிய நாட்டிற் பணியாற்றிய இலென்சு என்பார் 1834 இற் கண்ட விதி இதுவே. இவ்வெதிர்ப்பு இல்லையாயின் மாணவனின் பொறி என்றென்றும் ஓடியிருக்கும். உலகத்து மின்னிலையங்களும் எரிபொருளின்றியே ஓடியிருக்கும்.

இனி அவனுடைய வட்டத்தைக் கணக்கிடுவோம். மோட்டர், தைனமோ, பற்றரி ஆகிய மூன்றும் தாம் பெற்றதில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பித் தருவதாக வைத்துக்கொள்வோம். துவிச்சக்கர வண்டித் தைனமோவுக்கு இது மிகத் தாராளமான மதிப்பு. நூறு பங்கு மோட்டரில் எண்பதாகி, தைனமோவில் அறுபத்துநான்காகி, பற்றரிக்கு மீளும்போது ஐம்பத்தொன்றாகும். இரண்டாஞ் சுற்றில் இருபத்தாறு. மூன்றாஞ் சுற்றிற் பதின்மூன்று. சரி, ஒன்றும் குறையாத தெய்வப்பொறி ஒன்று கிடைத்ததென்றே கொள்வோம். அப்போதும் அது தன்னைத் தானே சுழற்றிக்கொண்டிருக்குமேயன்றி, ஒரு சிறு விளக்கை அதிற் பொருத்தினாலும் சற்று நேரத்தில் நின்றுவிடும்.

குறைந்த பங்கு எங்கே போயிற்று? அழியவில்லை. மோட்டரைத் தொட்டாற் சூடு தெரியும்; பற்றரியும் இளஞ்சூடாகும்; அச்சாணியில் உராய்வு. எல்லாம் வெப்பமாகி அறைக் காற்றிற் கலந்துவிட்டன. இயக்கம் தேய்ந்து வெப்பமாகும்போது அதற்கு நிலையான மாற்றுவிகிதம் உண்டெனக் காட்டியவர் இங்கிலாந்தில் மதுவடிசாலை உரிமையாளரின் மகனாகப் பிறந்த யூல். எடைகள் கீழிறங்க, அவை நீருள் துடுப்புச் சில்லைச் சுழற்ற, நீர் சூடேறுவதை அளந்து, 772 அடி விழும் நீர் பரனைற்று அளவில் ஒரு பாகையே சூடேறும் என்னும் அளவை 1850 இல் வெளியிட்டார்.

ஆனால் திரும்பும் வழி அத்துணை எளிதன்று. கிணற்றில் ஒரு பிடி உப்பைக் கொட்டினால் உப்பு அழிவதில்லை. ஒரு கல்லும் குறையாமல் அங்கேயே இருக்கும். ஆயினும் அதைக்கொண்டு கறிக்கு உப்பிட இயலாது. அறைக் காற்றிற் பரந்த வெப்பமும் அத்தகையதே. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன், சத்தி மொத்தத்திற் குறையாவிடினும் பயன்படுத்தத்தக்க நிலையிலிருந்து வழுவிச் சிதறிக்கொண்டே செல்லும் என 1852 இல் எழுதினார். யான் கற்பியாது விட்ட மறுபாதி இதுவே. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்தால் அறை குளிரும் என நம்புவோரும் இதனையே மறக்கின்றனர். பெட்டி உள்ளிருந்து எடுத்த வெப்பத்தையும், தான் உண்ட மின்னையும் சேர்த்துப் பின்புறத்தால் அதே அறைக்குள் விடுகின்றது. அறை சூடேறும்.

இலவசச் சத்தியில் நமக்கு ஏன் இத்துணை எளிதில் நம்பிக்கை பிறக்கின்றது? விலைக்கு வாங்குஞ் சத்தி அத்துணை மலிவாயிருப்பதே காரணம் என்பது என் கருத்து. துலா மிதித்து இறைத்த நாளை எண்ணிப் பாருங்கள். (துலாவும் வேலையின் முகத்தை மாற்றித் தருமேயன்றி வேலையைக் குறைப்பதில்லை.) பட்டையொன்று இருபது இலீற்றர் கொள்வதாகவும், நீர்மட்டம் ஆறு மீற்றர் ஆழத்தில் உள்ளதாகவும் கொண்டால், ஒரு பட்டை நீரை உயர்த்தும் வேலை 1,176 யூல். ஆயிரம் பட்டைக்கு 1,176,000 யூல். மின்பட்டியலில் ஓரலகு எனக் குறிக்கப்படுவது 3,600,000 யூல். எனவே ஆயிரம் பட்டை இறைத்த வேலை அலகில் மூன்றிலொரு பங்குக்கும் சற்றுக் குறைவு! அதே சத்தியைக் கேத்தலிற் செலுத்தினால், முப்பது பாகையிலுள்ள நீரில் நான்கு இலீற்றரைக் கொதிக்கவைக்கலாம். ஒரு வீட்டு விருந்தினர்க்குத் தேநீர். இறைத்தவர் உடலோ இதனினும் நான்கைந்து மடங்கு சத்தியைச் செலவிட்டிருக்கும். எஞ்சியது வெப்பமாயிற்று; அதைத் தணிக்கவே அவர் வியர்த்தார்.

பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம், ஓயாது இயங்கும் பொறிபற்றிய விண்ணப்பம் எதனையும் இனிப் பரிசீலிப்பதில்லையென 1775 இலேயே தீர்மானித்தது. சத்திக் காப்பு விதி வகுக்கப்படுவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்னர்! அக்கழகத்துக்கு வேலைப்பளு காரணமாயிருந்திருக்கலாம். “ஓடாது” என்று கூறி அமைவது கழகத்துக்குத் தகும், ஆசிரியனுக்குத் தகாது.

இவ்விளக்கத்தை அண்மையில் அவனுக்குத் தொலைபேசியிற் கூறினேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னர், “செய்தி முடிய முன்னமே எனக்குக் கை உளைந்துவிடும், சேர். அம்மா வந்து மாறிச் சுற்றுவா. ஏன் உளைகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை” என்றான்.