சுவருக்குப் பின்னால் விழுந்த அடி

தாம்பரத்தில் ரயில் ஏறும்போது அக்கா மகனின் போன் திரை மூலையில் 48 என்று பச்சையில் ஓர் எண் இருந்தது. சானடோரியம் தாண்டுவதற்குள் 112 ஆகி மஞ்சளுக்கு மாறியது. குரோம்பேட்டையில் 260, சிவப்பு. பல்லாவரம் வந்தபோது கேமில் ஆள் காலி.

“மாமா, நான் சுவருக்குப் பின்னால போயிட்டேன். முழுசா உள்ள போயிட்டேன். அதுக்கப்புறமும் அடி விழுது பாருங்க. இது போங்கு.”

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறான். சனிக்கிழமை, ரிச்சி தெருவுக்குப் போகிறோம். துணைக்கு என்று அக்கா என்னை அனுப்பினாள். பணத்துக்கு என்பது அவன் கணக்கு.

அந்த எண்ணுக்குப் பையன்கள் வைத்திருக்கும் பெயர் பிங். போனிலிருந்து சின்னத் தகவல் பொட்டலம் ஒன்று கேம் சர்வருக்குப் போய், பதிலோடு திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்பதே பிங். கிணற்றில் கல்லைப் போட்டு ‘தொபுக்’ சத்தம் வரும்வரை காத்திருந்து ஆழத்தைக் கணிப்போமே, அந்த வேலைதான். பெயர் வைத்தவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர். 1983 டிசம்பரில், ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தபோது, நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று தேடிப்பிடிக்க ஒரு சிறு நிரல் எழுதினார். நீர்மூழ்கிகள் எதிரொலிக்காக அனுப்பும் சோனார் ஒலியின் பெயரையே அதற்குச் சூட்டினார். நாற்பது ஆண்டு கழித்துக் குரோம்பேட்டையில் ஒருவன் அந்த எண்ணைப் பார்த்துப் பல்லைக் கடிப்பான் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

“சர்வர் மும்பையில இருக்கும், இல்ல சிங்கப்பூர்ல இருக்கும். அவ்ளோ தூரம் போய்ட்டு வரணும்ல” என்றான். எல்லாரும் சொல்கிற காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது.

கண்ணாடி இழைக்குள் ஒளி, வெற்றிடத்தில் ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் ஓடும். விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 200 கி.மீ. மும்பைக்குக் கேபிள் சுற்றி வளைத்து 1,300 கி.மீ. ஓடுகிறது என்று வைத்தாலும் போய்வர 13 மில்லி விநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கி.மீ. நீளம். போய்வர 32. வழியில் இருக்கும் ரவுட்டர்கள் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். வங்கக் கடலையே கடந்து திரும்பினாலும் 32 என்றால், குரோம்பேட்டையில் 260 எங்கிருந்து வந்தது?

கடைசி ஒரு கிலோமீட்டரிலிருந்து. போனுக்கும் டவருக்கும் இடையில்தான் நேரம் கரைகிறது. போன் நினைத்த மாத்திரத்தில் பேசிவிட முடியாது. ஒரே டவரின் கீழே நூற்றுக்கணக்கான போன்கள். ஒவ்வொன்றும் ‘எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது’ என்று கை தூக்க வேண்டும். டவர் நேரம் ஒதுக்கிய பிறகே அனுப்ப வேண்டும். அனுப்பியது வழியில் சிதைந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். காலை நேரத்து ரயில் பெட்டியில் எத்தனை பேர் கையில் ரீல்ஸ் ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தாலே போதும்.

அதற்கு மேல் ரயில் வேறு ஓடுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகம், அரை கிலோமீட்டருக்கு ஒரு டவர் என்றால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை போன் டவர் மாற வேண்டும். 4ஜியில் பழைய டவரின் கையை விட்ட பிறகுதான் புதிய டவரின் கையைப் பிடிக்கும். பேசிக்கொண்டிருப்பவருக்கு அந்த இடைவெளி தெரியாது. கேமில் துப்பாக்கி ஸ்கோப்பில் கண் வைத்திருப்பவனுக்குத் தெரியும்.

வீட்டில் வைஃபையில் ஆடும்போதும் இதே புலம்பல்தான். இரவு அக்கா டிவியில் சீரியலை ஆன்லைனில் போட்டால் உள் அறையிலிருந்து, “அம்மா, பிங் ஏறுது” என்று குரல் வரும். அக்கா அதைப் பொய் என்று நினைக்கிறாள். பொய் இல்லை. வீடியோவின் தகவல் பெரிய பெரிய பொட்டலங்களாக, மொத்தமாக வந்து ரவுட்டரின் வரிசையில் நிற்கிறது. கேமின் பொட்டலம் பொடிசு. ஆனாலும் அந்த வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், பெருங்களத்தூரில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட டிவிஎஸ் 50 மாதிரி. மெமரி விலை குறைந்ததும், ‘ஒரு பொட்டலம்கூடத் தொலையக் கூடாது’ என்று உபகரணங்களில் வரிசையை நீளமாக்கிக்கொண்டே போனார்கள். தொலையவில்லை, தேங்கியது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்து, ‘தேக்கத் தொட்டி வீங்கிவிட்டது’ என்கிற பொருளில் அதற்கு ஒரு பெயர் வைத்தார். வேகமான பிளான் போட்டால் சரியாகிவிடும் என்று நம்மிடம் விற்கிறார்கள். குழாயை அகலமாக்குவது வேறு, வரிசையைச் சீராக்குவது வேறு. என்னைக் கேட்டால் ‘இத்தனை எம்பிபிஎஸ்’ என்ற விளம்பரத்துக்குப் பக்கத்தில் பிங்கையும் அச்சடிக்கச் சொல்வேன்.

கிண்டியில் இறங்கி மெட்ரோவுக்கு மாறினோம். சின்னமலைவரை மேலே ஓடும் ரயில், சைதாப்பேட்டைக்குள் நுழையும்போது பூமிக்குள் இறங்கிவிடும். மண்ணும் கான்கிரீட்டும் ரேடியோ அலையைத் தின்றுவிடும் என்பதால் சுரங்கத்துக்குள் தனி ஆன்டெனாக்கள் வைக்க வேண்டும், அல்லது உறையில் வேண்டுமென்றே துளை போட்ட ‘கசியும் கேபிள்’களைச் சுவர் நெடுகக் கட்ட வேண்டும். அன்று அவன் போனில் ஒரு கோடுகூட இல்லை. எனக்கு நல்லதாய்ப் போயிற்று. நந்தனம் வரும்வரை சுவர் விவகாரத்தைப் பேச ஆள் கிடைத்தான்.

உண்மையில் அவன் திரையில் எதிரி நிற்கும் இடம், எதிரி நின்ற இடம். சர்வரிலிருந்து மற்றவர்களின் இருப்பிடம் தொடர்ச்சியாக வருவதில்லை, விட்டு விட்டு வருகிறது. அப்படியே காட்டினால் ஆட்கள் தவளைபோலத் தத்துவார்கள். அதனால் கேம், மற்றவர்களைக் கொஞ்சம் தாமதித்து, வந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்து, வழுக்கிக்கொண்டு ஓடுவதாகக் காட்டும். 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் கேமில் இந்தத் தாமதம் 100 மில்லி விநாடி. உன் சொந்த ஆளை மட்டும் நிகழ்காலத்தில் காட்டும். நீ பொத்தானை அழுத்தியதும் சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் போனே ஊகித்து நகர்த்திவிடும், தப்பாக இருந்தால் பிறகு இழுத்துச் சரிசெய்யும். வேகம் குறைந்த டயல்-அப் காலத்திலேயே, 1996இல் ஜான் கார்மாக் குவேக்வேர்ல்டுக்காகச் செய்த தந்திரம் இது. லேக் அடிக்கும்போது ஆள் பின்னால் சடாரென்று இழுபடுவானே, அது ஊகம் பொய்த்த கணம்.

ஆக, ஒரே திரையில் நீ நிகழ்காலத்தில், எதிரி கடந்த காலத்தில்.

“சரி மாமா, அப்ப யாரு சுட்டது சரி?”

இங்கேதான் சர்வர் நீதிபதி ஆகிறது. எதிரி உன் தலையைப் பார்த்துச் சுட்டான். ஆனால் அவன் பார்த்த நீ, பழைய நீ. அவனுடைய குண்டுச் செய்தி சர்வருக்கு வரும்போது நீ சுவருக்குப் பின்னால் போயாயிற்று. இப்போதைய நிலவரப்படி தீர்ப்புச் சொன்னால், குறி தப்பாமல் சுட்டவனுக்கு எதுவுமே படாது. எல்லாரும் ஓடுகிறவனுக்கு முன்னால் காற்றைச் சுட்டுப் பழக வேண்டியதுதான். அதனால் பல கேம்களில் சர்வர் கடிகாரத்தைப் பின்னால் திருப்புகிறது. சுட்டவன் திரையில் அந்தக் கணம் யார் எங்கே இருந்தார்கள் என்று அடுக்கிப் பார்த்து, பட்டிருந்தால் பட்டதுதான் என்கிறது. வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இல் இந்த முறையை விளக்கி எழுதினார். மறைவிடத்துக்குள் போன பிறகு அடி விழும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். விநாடிக்கு 6 மீட்டர் ஓடும் ஆளுக்கு 100 மில்லி விநாடி என்பது 60 செ.மீ. சுவருக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அது போதும்.

“அப்ப நான் சொன்னதும் உண்மை, அவன் சொல்றதும் உண்மையா?” என்றான். ஆமாம் என்றேன். திருப்தியாகவில்லை. செத்தது அவன்தானே.

அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் மேலே ஏறி ரிச்சி தெருவுக்குள் போனோம். மதர்போர்டு, சிசிடிவி, சார்ஜர், பிரித்துப்போட்ட போன்கள், காலுக்கடியில் கேபிள். அவன் தேடி வந்தது கட்டைவிரலுக்குப் போடும் உறை. திருக்குறள் புத்தக அட்டை அளவு பாக்கெட்டில் இரண்டு, பார்த்தால் பொம்மைக்குத் தைத்த சாக்ஸ். வெளிச்சத்தில் பிடித்தால் துணியில் மெல்லிய வெள்ளி நிற இழை மினுங்குகிறது. சும்மா நூலாக இருந்தால் திரைக்கு விரல் வந்ததே தெரியாது. கண்ணாடிக்கு அடியில் ஒரு மின்னூட்ட வலை இருக்கிறது. மின்சாரம் கடத்தும் விரல் நெருங்கும்போது அதில் மின்னூட்டம் கொஞ்சம் குறைவதை வைத்துத்தான் தொட்ட இடத்தைப் போன் அறிகிறது. வியர்வை உப்புத் தண்ணீர், அதுவும் கடத்தும். திரையில் ஈரம் பரவினால் எது விரல், எது ஈரம் என்று போன் குழம்பும். உறை வியர்வையை உறிஞ்சி, விரலின் மின்தொடர்பை மட்டும் விட்டுவைக்கிறது. சென்னை மே மாதத்துக்கு நல்ல கண்டுபிடிப்பு.

ரவுட்டரிலிருந்து நேராகப் போனுக்கு ஒயர் இழுக்கும் சின்ன லேன் அடாப்டர் ஒன்றைக் காட்டி, “பிங்குக்கு இதுதான்டா வைத்தியம்” என்றேன். கடைக்காரரும் தலையாட்டினார். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒயர் கட்டிட்டு எப்படி மாமா படுத்துட்டு ஆடறது” என்று வைத்துவிட்டான்.

திரும்பும் ரயிலில் பேனா, சீப்பு விற்றுக்கொண்டு வந்தவரிடம் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வாங்கினேன். நம் உடம்புக்குள்ளேயே இன்னொரு பிங்கும் இருக்கிறது, அதை அளக்க. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார். அதை அளக்கவே முடியாது என்று நினைத்தவர்களில் அவருடைய ஆசிரியரும் ஒருவர். வந்த விடை விநாடிக்குச் சுமார் 30 மீட்டர். நம் கை நரம்புகளில் 50, 60 மீட்டர் ஓடும். தலையிலிருந்து கட்டைவிரலுக்கு ஒரு மீட்டர் என்றால் 20 மில்லி விநாடி. அதற்குள் ஒளி மும்பைக்குப் போய்த் திரும்பிவிடும். கண் பார்த்து, மூளை முடிவெடுக்கும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

ஸ்கேலை நான் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் கொள்ளாமல் விட, விழுவதை அவன் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் முதல் தடவை கோட்டை விட்டான். அடுத்து 17 செ.மீ.யில் பிடித்தான். புவியீர்ப்புக் கணக்குப்படி 186 மில்லி விநாடி. பிறகு ஸ்கேல் அவன் கைக்குப் போனது. நான் பிடித்த இடம் 27. போனில் தட்டிப் பார்த்தான்.

“235 மாமா” என்றான். “செவப்பு.”